அடக்க ஏட்டில் முன்னோரைத் தேடுவோருக்கு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பிறப்பில் தொடங்காமல் இறப்பில் தொடங்குவது நல்லது என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். கொள்ளுத்தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்பது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டால் வயதான ஓர் அத்தையாவது சொல்லிவிடுவார். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நெல்லைச் சீமையில் ஒரு சேகர (பல கிராமச் சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) அலுவலகத்தில் பழைய ஏடுகளோடு பல காலம் இருந்தவள் நான். அதனால் சபை ஏடுகளைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா மெஞ்ஞானபுரத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் உபதேசியாராக, அதாவது சபையில் போதிக்கும் ஊழியராக, இருந்தவர். தாது வருஷப் பஞ்சத்தில் இறந்தார் என்று அப்பா சொல்வார். பெயர் வேதமாணிக்கம். இதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சபை அலுவலகத்தில் போய் என்ன கேட்பது?
– வாசகர், பெங்களூரு

பதில்: ஊர், தொழில், பெயர், காலம் நான்கும் உங்கள் கையில் இருக்கின்றன. பலர் இதில் பாதிகூட இல்லாமல் வருகிறார்கள்.

முதலில் காலம். தாது வருஷம் 1876 ஏப்ரலில் பிறந்து 1877 ஏப்ரலில் முடிந்தது. பஞ்சம் அதோடு நிற்கவில்லை. 1878 வரை இழுத்தது. ஆனால் ஜனங்கள் அந்தப் பஞ்சகாலம் முழுவதையும் தாது வருஷம் என்றே சொன்னார்கள். ஆகையால் 1876, 1877, 1878 ஆகிய மூன்று ஆண்டு அடக்கப் பதிவேடுகளையும் கேளுங்கள். 1876இல் பெயர் இல்லை என்றதும் திரும்பிவிடாதீர்கள்.

அடுத்தது எந்த மிஷன் என்ற கேள்வி. சிஎம்எஸ், எஸ்பிஜி என்று இரண்டு ஆங்கில மிஷனெரிச் சங்கங்கள் அன்று இங்கே இருந்தன. மெஞ்ஞானபுரம், பாளையங்கோட்டை, பண்ணைவிளை, டோனாவூர் எல்லாம் சிஎம்எஸ் மிஷனைச் சேர்ந்தவை. நாசரேத், முதலூர், சாயர்புரம், இடையன்குடி எஸ்பிஜி மிஷன். பக்கத்துப் பக்கத்துக் கிராமமாக இருந்தாலும் மிஷன் வேறானால் ஏடும் வேறு. இன்று எல்லாம் தென்னிந்தியத் திருச்சபைக்குள் இருந்தாலும், ஏடுகள் அந்தந்தச் சேகரத்திலேயே தங்கிவிட்டன. உங்கள் கிராமம் இப்போது தனிச் சேகரமாக இருக்கலாம். ஆனால் 1877இல் அது ஒரு பெரிய சேகரத்தின் கிளைச்சபையாக இருந்திருக்கும். பழைய பதிவு அந்தத் தாய்ச் சேகரத்து ஏட்டில்தான் இருக்கும். "எங்கள் சபை எப்போது தனிச் சேகரம் ஆனது, அதற்கு முன் எதில் சேர்ந்திருந்தது?" என்பதே அலுவலகத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ஏடு கையில் வந்ததும் எழுத்து உங்களை மிரட்டும். ஆண்டு சில பக்கங்களில் ௧௮௭௭ என்றும், சிலவற்றில் ௲௮௱௭௰௭ என்றும் இருக்கும். இரண்டும் 1877தான். ௭ என்பது எகரம் போலவும், ௮ என்பது அகரம் போலவும், ௨ என்பது உகரம் போலவும் தெரிவதால், புதியவர்கள் அதை ஏதோ எழுத்து என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். ௳ என்றால் நாள், ௴ என்றால் மாதம், ௵ என்றால் வருடம். ௸ என்ற குறி மேற்படி. இந்தக் கடைசிக் குறியில் கண்ணை வைத்திருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் பார்த்த ஏடுகளில் ஒன்றில் 1877ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்று இப்படி இருந்தது. முதல் வரியில் நான்கு வயதுப் பெண் குழந்தை. நோய் என்ற கட்டத்தில் ‘வாந்திபேதி’. அடுத்த வரியில் இருபத்தெட்டு வயது ஸ்திரீ, அதே ஊர். நோய்க் கட்டத்தில் ௸. அதற்கு அடுத்த வரியில் அறுபது வயதுக் கிழவர், மறுபடியும் ௸. அந்தக் குறி பக்கத்தின் அடிவரை இறங்கிக்கொண்டே போகிறது. மூன்று பேருக்கும் தகப்பன் அல்லது புருஷன் பெயரைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரே வீட்டில் பேத்தி, மருமகள், மாமனார் என்று ஒரு வாரத்துக்குள் போயிருக்கிறார்கள் என்று புரிகிறது. குழந்தையின் பதிவை மட்டும் பார்த்தவருக்கு அது ஒரு குழந்தை மரணம். பக்கத்தைப் பார்த்தவருக்கு ஒரு குடும்பத்தின் கதை. அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம் எப்போதும் வற்புறுத்துவேன்: உங்கள் ஆளின் வரியை மட்டும் நகலெடுக்காதீர்கள், முன்னும் பின்னும் இரண்டிரண்டு பக்கங்களையாவது படித்துவிட்டு எழுந்திருங்கள்.

வேதமாணிக்கம் என்ற பெயர் அந்தப் பகுதியில் அந்நாளில் வீதிக்கு ஒருவருக்கு இருந்தது. ஞானமுத்து, தேவசகாயம், மாசிலாமணி எல்லாமே அப்படித்தான். குடும்பப் பெயர் கிடையாது. ஆகவே தகப்பன் பெயர், குடியிருந்த ஊர், தொழில் மூன்றும் பொருந்தினால்தான் அவர் உங்களவர். ‘உபதேசியார்’ என்று தொழில் கட்டத்தில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். உபதேசியார்களுக்கு மிஷன் சம்பளம் கொடுத்தது. சம்பளம் கொடுத்த இடத்தில் கணக்கு இருக்கும். சிஎம்எஸ் சங்கத்தின் பழைய ஆவணங்கள் இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. எஸ்பிஜி ஆவணங்கள் ஆக்ஸ்போர்டில் இருக்கின்றன. அடக்கப் பதிவில் தேதி கிடைத்துவிட்டால், அந்த ஆண்டுக்கான மிஷனெரி கடிதங்களையும் அறிக்கைகளையும் குறிவைத்துத் தேடலாம்.

வயதை மட்டும் நம்பாதீர்கள். அடக்க ஏட்டில் இருப்பது இறந்தவர் சொன்ன வயது அல்ல. அழுதுகொண்டிருந்த மகனோ, பக்கத்து வீட்டுக்காரரோ குத்துமதிப்பாகச் சொன்ன வயது. ஐம்பது, அறுபது, எழுபது என்று முழு எண்களாகவே அடுக்கியிருக்கும். அறுபது என்றால் ஐம்பத்தைந்து முதல் அறுபத்தைந்து வரை எதுவும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு ஞானஸ்நான ஏட்டுக்குப் போங்கள்.

அங்கேதான் பெரிய கதவு இருக்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தாவோ அவருடைய தகப்பனாரோ பெரியவரான பிறகு ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தால், பல ஏடுகளில் ‘பழைய பெயர்’ என்று எழுதி வைத்திருப்பார்கள். கிறிஸ்தவத்துக்கு முந்தைய அந்தப் பெயரை அறிந்தபின், ஊரில் இருக்கும் பங்காளிகளிடம் குலதெய்வம், பழைய நிலம், பட்டா என்று விசாரிக்க முடியும். அடக்க ஏட்டில் கிடைத்த ஒரு வயது உங்களை அதுவரை கொண்டுபோய் விடும்.

கேள்வி: எங்கள் பாட்டியின் பெயர் அடக்க ஏட்டில் இல்லவே இல்லை. இறந்த தேதி எங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். பதிவே செய்யாமல் விட்டிருப்பார்களா?
– வாசகி, சென்னை

பதில்: பாட்டியின் பெயரில் தேடியிருப்பீர்கள். தாத்தாவின் பெயரில் தேடுங்கள். ‘இன்னாருடைய பெண்சாதி’, ‘இன்னாருடைய தாய்’, ‘இன்னாருடைய விதவை’ என்று மட்டும் எழுதி, அந்த அம்மாளின் சொந்தப் பெயரை விட்டுவிட்ட வரிகள் பழைய ஏடுகளில் ஏராளம். அறுபது வருஷம் ஒரு வீட்டைச் சுமந்தவளுக்கு, மண்ணுக்குள் போகும்போது பெயர்கூட எழுதவில்லையே என்று எனக்கு இன்றும் கோபம் வரும். திருமண ஏட்டில் பெரும்பாலும் பெயர் இருக்கும். அதைக் கண்டுபிடித்து உங்கள் வம்சாவழிப் படத்தில் அவர் பெயரைப் பெரிதாக எழுதுங்கள்.

சபை ஏட்டில் கிடைக்காவிட்டால் அரசாங்க மரணப் பதிவைப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் 1899இலேயே பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 1969ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். சென்னை போன்ற நகரங்களில் மாநகராட்சி சுகாதாரத் துறையிலும், பல கிராமங்களின் பழைய ஏடுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: கடற்கரை ஊர்க் கத்தோலிக்கக் குடும்பம் நாங்கள். பங்கு ஏட்டைப் பார்க்கப் பங்குத்தந்தை அனுமதித்தார். எல்லாம் லத்தீனில் இருக்கிறது. தாத்தாவின் தகப்பனார் ராயப்பன் பெயரைக் காணவில்லை. ஒரு பதிவில் மாதத்துக்குப் பதில் 7 என்று போட்டு அருகில் ஏதோ சுருக்கெழுத்து இருக்கிறது. ஜூலை என்று கொள்ளலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் ‘செப்தெம்’ என்றால் ஏழு. அதை வைத்து 7 போட்டு ஒட்டெழுத்துச் சேர்த்தால் செப்டம்பர், 8 போட்டால் அக்டோபர், 9 போட்டால் நவம்பர், பத்துக்கு உரிய ரோமன் குறியைப் போட்டால் டிசம்பர். இதைத் தெரியாமல் திதி தேதியையே இரண்டு மாதம் முன்னால் கொண்டாடிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

ராயப்பனை நீங்கள் ராயப்பன் என்று தேடினால் கிடைக்கமாட்டார். எழுதிய சாமியார் அவரைப் பேத்ருஸ் என்று எழுதியிருப்பார். சின்னப்பன் பாவுலுஸ் ஆகிவிடுவார், அருளப்பன் யோவான்னெஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ். பெர்னாந்து, மச்சாது, மோத்தா போன்ற உங்கள் குடும்பப் பெயர் மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆகவே அதைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். பெயரின் கடைசி எழுத்து மாறிக்கொண்டே இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். பேத்ருஸ் என்றால் பேதுரு, பேத்ரி என்றால் பேதுருவின். ‘ஃபீலியுஸ்’ மகன், ‘ஃபீலியா’ மகள், ‘உக்ஸோர்’ மனைவி, ‘ஓபியித்’ இறந்தார், ‘செபுல்துஸ்’ புதைக்கப்பட்டார். இந்த ஆறேழு சொற்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் முக்கால்வாசிப் பதிவுகளைப் படித்துவிடலாம். 1614இல் ரோமை வெளியிட்ட சடங்கு நூல் இறப்பு ஏடு வைக்கச் சொன்ன பிறகு, உலகம் முழுக்கக் குருக்கள் ஏறக்குறைய ஒரே வாய்பாட்டில்தான் எழுதினார்கள். ஒன்றைப் படித்தால் அடுத்தது தானாக வரும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் கடற்கரையில் ஒரு காலத்தில் இரண்டு அதிகாரங்கள் இருந்தன. போர்ச்சுக்கல் அரசரின் பத்ரவாதோ (திருச்சபைப் புரவலர்) உரிமைக்கு உட்பட்டு மயிலாப்பூர் ஆயரின் கீழ் இருந்த கோவில்கள் ஒரு பக்கம். ரோமையின் நேரடி ஆளுகையில் சேசு சபைக் குருக்கள் நடத்திய கோவில்கள் மறுபக்கம். ஒரே ஊரில் அண்ணன் ஒரு கோவிலிலும் தம்பி இன்னொரு கோவிலிலும் இருந்ததுண்டு. 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாவதற்கு முன் இறந்தவர் என்றால் அவர் எந்தப் பக்கம் என்று விசாரியுங்கள். சேசு சபைப் பக்கம் என்றால், கொடைக்கானல் செண்பகனூரில் மதுரை மாநிலச் சேசு சபையின் ஆவணக்காப்பகம் இருக்கிறது. குருக்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அங்கே உண்டு. முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டுப் போவது முறை.

கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். சில பங்குகளில் சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஊரறிந்த விஷயம். செத்தவர்களுக்கு நடுவே சுவர் கட்டியது கிறிஸ்துவுக்கு அடுக்காத செயல். தேடுகிறவர் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒரு தோட்டத்தில் கல் கிடைக்கவில்லை என்றால் ஊரின் மறு ஓரத்தில் இன்னொரு தோட்டம் இருந்ததா என்று கேளுங்கள்.

கேள்வி: எங்கள் முன்னோர் ஒருவரின் கல்லறைக் கல்லில் 1052 ஆடி என்று இருக்கிறது. சோழர் காலமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எழுத்துகளும் மங்கிவிட்டன. ஆசிட் ஊற்றிக் கழுவினால் தெளியும் என்கிறார் ஒருவர்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ஆசிட்டைக் கிட்டே கொண்டுபோகவே கொண்டுபோகாதீர்கள். சலவைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் ஆசிட் பட்டால் பொங்கிக் கரையும்; இருக்கிற எழுத்தும் போய்விடும். கம்பித் தூரிகை, சாக்பீஸ், சிமெண்டுப் பூச்சு எதுவும் வேண்டாம். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் போங்கள். வெயில் நேராக விழுந்தால் ஒரு ஆள் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, ஒளியைப் பக்கவாட்டில் கல்லின் மேல் திருப்பட்டும். நேராகப் பார்க்கும்போது வெறுங்கல்லாகத் தெரிந்ததில் அப்போது எழுத்துக்கள் நிழல் கட்டி எழும். உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் வெள்ளையடித்தே எத்தனையோ கல்லறைகளின் எழுத்துக் குழிகள் தூர்ந்துவிட்டன. வெள்ளையடியுங்கள், எழுத்துள்ள பலகையை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள்.

1052 கொல்லம் ஆண்டு. உங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததல்லவா? கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் வரையுள்ள தேதிக்கு 824ஐக் கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி வரைக்கு 825. உங்கள் கல்லில் ஆடி மாதம் இருப்பதால் 1877 ஜூலை அல்லது ஆகஸ்ட். மேலே பெங்களூரு வாசகர் கேட்ட அதே பஞ்சகாலம்தான். உங்கள் பகுதியின் அந்நாளைய அரசு ஆவணங்களைத் தேட நேர்ந்தால் சென்னைக்குப் போகாமல் திருவனந்தபுரத்துக்குப் போங்கள்.

கேள்வி: மையவாடியில் (அடக்கத்தலத்தில்) எங்கள் மூத்தவாப்பாவின் மீஸான் கல்லில் (கல்லறைக் கல்லில்) ஹிஜ்ரி 1315 என்று இருக்கிறது. ஆங்கில ஆண்டு எது?
– வாசகர், காயல்பட்டினம்

பதில்: 1897 நடுவில் தொடங்கி 1898 நடுவில் முடிந்த ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான் என்பதால், வெறுமே 622ஐக் கூட்டினால் தப்பாகும். 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறக்குறையச் சரியாக வரும். பிறையும் மாதமும் கல்லில் இருந்தால் நாள் வரைக்கும் நெருங்கலாம். கல்லில் அரபு எழுத்து இருந்தாலும் மொழி தமிழாக இருக்கக்கூடும். அர்வி படிக்கத் தெரிந்த பெரியவர் யாரையாவது அழைத்துச் செல்லுங்கள். கல்லே வைக்காத கபுருகள் நிறைய இருப்பதால் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரையும் (திருமண ஏட்டையும்) கேளுங்கள். மணமக்களின் தகப்பனார் பெயர் அதில் இருக்கும்.

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவர். எரித்துச் சாம்பலைக் கீரிமலையில் கரைத்துவிடுவோம். எங்களுக்குக் கல்லறையும் இல்லை, அடக்க ஏடும் இல்லை. அப்ப நாங்கள் எங்கே தேடுவது?
– வாசகி, டொரொன்டோ

பதில்: சகோதரி, உங்களிடம் இருப்பது எங்கள் அடக்க ஏட்டைவிட வளமானது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு உங்கள் ஊரில் அச்சடித்துக் கொடுப்பார்களே, அந்த நினைவு மலர். கல்வெட்டு என்றும் சொல்வீர்கள். அதில் இறந்தவரின் ஊர், தாய் தகப்பன், மணம் செய்த இடம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று வம்சாவழியே பாட்டாகவும் உரையாகவும் இருக்கும். எந்தப் பாதிரியாரும் ஒரு அடக்கப் பதிவில் இவ்வளவு எழுதியதில்லை. வீட்டுப் பெட்டியில், பூசை அறையில் தேவாரப் புத்தகங்களுக்கு நடுவில் தேடுங்கள். தேவாரமும் சிவபுராணமும் அதிலேயே சேர்த்து அச்சடித்திருப்பதால், மலர் என்று தெரியாமல் பாராயணப் புத்தகமாகவே வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. 1981இல் யாழ் நூலகம் எரிந்து, பிறகு போரும் இடப்பெயர்வும் வந்ததில் வீடுகளில் தப்பிக் கிடக்கும் ஒவ்வொரு பிரதியும் பெறுமதியானது. நூலகம் நிறுவனம் தன் இணைய நூலகத்தில் நினைவு மலர்களையும் தொகுத்து வைத்திருக்கிறது. ஊர்ப் பெயர் போட்டும் தேடிப் பாருங்கள். உங்களிடம் உள்ளதை அவர்களுக்கு ஒளிப்படி எடுத்துக் கொடுத்தால் இன்னொரு குடும்பத்துக்கு உதவும்.

மலரின் முதல் பக்கத்தில் திதி வெண்பா இருக்கும். அதில் வருஷத்தின் பெயர், மாதம், பட்சம், திதி எல்லாம் அடக்கம். சிக்கல் ஒன்றுதான்: வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். பார்த்திப என்றால் 1885ஆ, 1945ஆ, 2005ஆ? மலரில் பேரப்பிள்ளைகளின் பெயர் இருந்தால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும். பிறகு அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை எடுத்துத் திதியை ஆங்கிலத் தேதியாக்குங்கள்.

மலர் கிடைக்கவில்லையா? பத்திரிகை மரண அறிவித்தல்களுக்குப் போங்கள். வீரகேசரி 1930இலிருந்து வருகிறது. ‘இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கி, இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும், இன்னாரின் சகலனும் என்று அந்த அறிவித்தல் நீளும். அதை ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு வரைந்தால் மூன்று தலைமுறை உறவு கண்முன் நிற்கும். யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். கலப்புமணம் செய்துகொண்டு விலக்கப்பட்ட மகளின் பெயர் தகப்பனின் அறிவித்தலில் இருக்காது. தாயின் அறிவித்தலில் திரும்பி வந்திருக்கும்.

கேள்வி: காரைக்கால் எங்கள் பூர்வீகம். தாத்தாவின் தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் இறந்தவர். கோவில் ஏட்டில் இல்லை.
– வாசகர், புதுச்சேரி

பதில்: உங்களுக்குப் பிரெஞ்சு நிர்வாகம் ஒரு கொடை வைத்துப் போயிருக்கிறது. பிரெஞ்சிந்தியாவின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் பிரான்சின் எக்ஸான்புரொவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பழையவற்றை ஒளிப்படியாக அதன் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பிரெஞ்சு மரணப் பத்திரத்தில் இறந்தவரைப் பற்றி மட்டுமல்ல, செய்தியை வந்து சொன்னவர்களின் பெயர், வயது, தொழிலும் இருக்கும். சொல்ல வந்தவர் பெரும்பாலும் மருமகனோ அண்ணன் மகனோ அடுத்த வீட்டுக்காரரோதான். அந்தப் பெயர்களை விட்டுவிடாதீர்கள். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்தச் சாதி, மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் குடும்பம் அப்படி மாறியிருந்தால், 1881க்குப் பின் ஒரு பெயரிலும் அதற்கு முன் வேறு பெயரிலும் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: தாத்தா இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பவே இல்லை. அவருடைய தம்பி மலாயாத் தோட்டத்திலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர். இருவருக்கும் கல்லறை உண்டா?
– வாசகர், சேலம்

பதில்: தாத்தாவைக் கண்டுபிடிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருந்து இறந்த ஒவ்வொரு படைவீரரின் பெயரையும் பதிவு செய்யும் அமைப்பு. அதன் இணையதளத்தில் கட்டணம் இல்லாமல் தேடலாம். இந்து வீரர்களில் தகனம் செய்யப்பட்டவர்களுக்குக் கல்லறை இருக்காது. பெயர் நினைவுச் சின்னத்தில் செதுக்கப்பட்டிருக்கும். பர்மாவில் இறந்தவர்களுக்குத் தௌக்கியான், சிங்கப்பூர், மலாயாவில் இறந்தவர்களுக்குக் கிராஞ்சி. பதிவில் பல இடங்களில் ‘இன்னார் மகன், இன்ன ஊர், சேலம்’ என்று தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் கண்டபடி எழுதியிருப்பார்கள். முத்துசாமி என்ற பெயரையே நாலைந்து விதமாக எழுத்துக் கூட்டித் தேடுங்கள். எந்தப் படைப்பிரிவு, மதராஸ் ரெஜிமெண்டா, சாப்பர்ஸா, பயனியர் கோரா என்று தெரிந்தால் அதைக் கொண்டு சுருக்கலாம். பாட்டிக்குப் பென்ஷன் வந்திருந்தால் அந்தக் காகிதத்தில் படை எண் இருக்கும். பெயரைவிட அது உறுதியானது.

தம்பியைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. 1942-43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் – பர்மா ரயில் பாதையில் இறந்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறையும் பெயர்ப் பலகையும் இருக்கின்றன. அதே பாதையில் காலராவிலும் பசியிலும் செத்த தமிழ்த் தொழிலாளிகளுக்கு ஆளுக்கொரு குழியும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. படைவீரர் அல்ல என்பதால் ஆணையத்தின் ஏட்டிலும் அவர்கள் வரமாட்டார்கள். மலேசியாவில் உறவினர் இருந்தால், அவர் எந்தத் தோட்டத்திலிருந்து போனார், கூடப் போனவர்கள் யார், திரும்பி வந்தவர் யார் என்று இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். அவர் பெயரைத் தாங்கிய ஒரே ஏடு நீங்கள் எழுதுவதாகத்தான் இருக்கும்.

கேள்வி: நாங்கள் ஆங்கிலோ இந்தியர். பெரம்பூரில் ரயில்வே குடும்பம். எங்கே தொடங்கலாம்?
– வாசகி, மெல்பர்ன்

பதில்: உங்களுக்கு வழி சுலபம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்தே மதராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல் லண்டனுக்கு அனுப்பப்பட்டது. அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ‘என் 2’ (N/2) என்ற வரிசையில் இருக்கின்றன. சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயம் 1680இல் திறக்கப்பட்டது. அதன் ஏடுகளும் அந்த ஆண்டிலிருந்தே தொடங்குகின்றன. கல்லறை வாசகங்களுக்கு ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் தொகுத்த மதராஸ் மாகாணக் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலைப் பாருங்கள். அவர் நகலெடுத்த கற்களில் சில இன்று இல்லை.

கேள்வி: ஏட்டைப் பார்க்க அனுமதி கேட்டேன். ‘முடியாது’ என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட்டார்கள். உரிமையில்லையா எனக்கு?
– வாசகர், மதுரை

பதில்: சபை ஏடு அரசாங்க ஏடு அல்ல, உரிமை என்று தொடங்கினால் கதவு அடைபடும். அலுவலகத்தில் இருப்பவர்களின் பயமும் நியாயமானது. ஒருமுறை புரட்டினால் ஓரம் உதிரும் தாள்கள் அவை. பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. சொத்து வழக்குக்காகத் தேதியைத் திருத்த வந்தவர்களும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பண்டிகைக் காலத்திலும் வேண்டாம். வார நாளில், தேடும் பெயர், தகப்பன் பெயர், ஊர், உத்தேச ஆண்டு, உங்களுக்கு என்ன உறவு என்பதை ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டை நகலோடு கொடுத்துவிட்டு வாருங்கள். "நீங்களே பார்த்துச் சொன்னாலும் போதும், நான் காத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அனுமதி கிடைத்ததும் மேசையில் பேனா வைக்காதீர்கள், பென்சில் மட்டும். விரலை எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். ஏட்டைத் தலைகீழாக விரித்து அழுத்தி ஒளிநகல் எந்திரத்தில் வைக்க விடாதீர்கள், முதுகு முறிந்துவிடும். ஃபிளாஷ் இல்லாமல் கைபேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஏட்டின் எண்ணும் பக்க எண்ணும் தெரியவேண்டும். அது இல்லாத படம் பிறகு யாருக்கும் பயன்படாது. நீங்கள் எடுத்த படங்களின் ஒரு பிரதியை அந்த அலுவலகத்துக்கே கொடுங்கள். நேரம் இருந்தால் ஒரு ஆண்டுப் பதிவுக்குப் பெயர் அகரவரிசை தயாரித்துத் தருவதாகக் கேட்டுப் பாருங்கள். அடுத்த தடவை போகும்போது அவர்களே நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள்.